எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு கூடாரம்

அந்த வைகாசி மாதம் நாங்கள் மலையடிவாரத்தில் கூடாரம் போட்டு ஒரு ராத்திரி தங்கப் போகிறோம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். மறுநாள் திரும்பி வரப்போவதில்லை என்பது அந்த ஊரில் எனக்கும் என் ஓரகத்திக்கும் மட்டும்தான் தெரியும்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். திருத்தணியிலிருந்து ஆர்.கே.பேட்டை போகிற சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். ஒரே வாசலில் இரண்டு வீடு, பின்னால் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு தறிக் கொட்டகை. பவர்லூம் சத்தத்தில் பேசிப் பேசி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. என் கணவர் காதோடு காதாகச் சொல்கிற விஷயம்கூட எதிர்வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட வீட்டில் ஒரு ரகசியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

கூடாரம் போடுகிற ஆசை மட்டும் பொய்யில்லை. மத்தியானம் கரன்ட் போய்த் தறி நிற்கிற நேரத்தில் நானும் அக்காவும் கைப்பேசியில் வீடியோ பார்ப்போம். யாரோ முன்பின் தெரியாத ஒரு ஜோடி மலையடிவாரத்தில் கூடாரம் அடித்து, சின்ன அடுப்பில் டீ போட்டுக் குடிப்பார்கள். ஒரு டீ குடிக்க இவ்வளவு தூரம் போகணுமா என்று கேட்டுக்கொண்டேதான் அக்கா பார்ப்பாள். ஆனால் முடிந்ததும் அடுத்ததைப் போடச் சொல்வாள். சென்னையில் காலேஜ் படிக்கிற என் மகளிடம் சொன்னேன். லீவுக்கு வரும்போது தோழியிடமிருந்து கூடாரம் வாங்கி வருவதாகச் சொன்னாள். பள்ளிப்பட்டுக்கு அப்பால், மலை தொடங்குகிற இடத்தில் என் கூடப்பிறந்த அக்காவின் வீட்டுக்காரருக்கு, நான் பாவா என்று கூப்பிடுகிறவருக்கு, ஒரு மாந்தோப்பு இருக்கிறது. அங்கே போவதாகப் பேச்சு. என் கணவர்தான் விழுந்து விழுந்து சிரித்தார். ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் பாயை விரித்து ஊர்ப்பட்ட ஜனம் படுத்துக்கிடக்கிறது, அதை யாரும் வீடியோ எடுக்கவில்லையே என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதற்காக ஆசையை விட முடியுமா?

தை மாதம் அக்கா என்னைக் குளியலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினாள். என் கையைப் பிடித்துத் தன் இடது மார்பில் ஒரு இடத்தில் வைத்தாள். சுண்டைக்காய் அளவுக்கு ஒன்று என் விரலுக்குத் தட்டுப்பட்டது. அவளிடம் ஒன்றுமில்லை, கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று சொன்னேன். அவளும் ஆங், அப்படித்தான் இருக்கும் என்றாள். இரண்டு பேருமே நம்பவில்லை.

நான் திருத்தணியில் ஒரு பள்ளிக்கூட ஆபீசில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்தே ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். அவர் சென்னைக்கு அனுப்பினார். ஊசி குத்தி எடுத்தார்கள், படம் எடுத்தார்கள், திரும்பத் திரும்ப வரச் சொன்னார்கள். கடைசியில் ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்று சொல்லி ஒரு தேதி கொடுத்தார்கள். இந்தத் தேதியை விட்டால் அடுத்தது எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார்கள். தேதியைப் பார்த்ததும் அக்கா முகம் சுருங்கிப்போனது. எங்கள் ஊர்க் கங்கையம்மன் திருவிழாவான ஜாத்திரைக்கு நடுவில் வந்து விழுந்தது அந்தத் தேதி.

எங்கள் ஊர் ஜாத்திரையைப் பற்றித் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். முதல் நாள் பொழுது சாயும்போது கோயிலில் பம்பை அடித்துக் காப்பு கட்டுவார்கள். அந்த முதல் பம்பைச் சத்தம் கேட்கும்போது யாரெல்லாம் ஊர் எல்லைக்குள் இருக்கிறார்களோ அவர்கள் அத்தனை பேரையும் காப்பு கட்டுப்படுத்தும். காப்பு அவிழ்க்கிற வரைக்கும் அவர்கள் ஒரு ராத்திரிகூட வெளியே தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நான் தினம் வேலைக்குப் போய்வருவேன். ஆனால் படுக்கைக்கு ஊருக்குள் வந்துவிட வேண்டும். காப்பு கட்டும்போது வெளியூரில் இருப்பவர்களுக்கு இந்தக் கட்டு கிடையாது. அவர்கள் காப்பு அவிழ்த்த பிறகு வந்தால் போதும். ஒருமுறை ஒருத்தன் காப்பை மீறி ஆந்திராவில் ராத்தங்கிவிட்டு வரும்போது வண்டியிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். அவன் மூக்கு முட்டக் குடித்திருந்தான் என்பதை யாரும் சொல்வதில்லை. காப்பை மீறினான் என்பதை மட்டும் வருஷா வருஷம் சொல்கிறார்கள்.

அந்த வருஷம் ஊருக்காகக் கையில் காப்பு கட்டிக்கொள்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. அதாவது என் மூத்தாருக்கு, அக்காவின் கணவருக்கு. அவர் கையில் கட்டினால்தான் ஊருக்கே கட்டியதாக அர்த்தம். அவர் மனைவி எடுக்கிற மாவிளக்குதான் முதல் மாவிளக்கு. மூத்தார் அதிகம் பேசாத மனுஷன். என்னிடம் அவர் நேராக ஒரு வார்த்தை பேசியது கிடையாது. எங்கள் பக்கத்தில் தம்பி மனைவியிடம் அப்படிப் பேசுகிற வழக்கமில்லை. எதுவானாலும் என் மகளிடம் சொல்வார், இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வார். ஆஸ்பத்திரித் தேதியை அக்கா சொன்னபோது அவர் தறியில் அறுந்த இழையைக் கட்டிக்கொண்டிருந்தார். வெகுநேரம் கட்டினார். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னார்.

"ஜாத்திரை முடியட்டும். அப்பறம் பாத்துக்கலாம்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தறியையே உடைத்திருப்பேன். அவர் பெண்டாட்டி உடம்புக்குள் ஒன்று வளர்கிறது, இவர் மாவிளக்குக்கு ஆள் தேடுகிறார் என்று அக்காவிடம் கத்தினேன். அக்கா என்னை அடக்கினாள். அவர் வேறு என்ன சொல்ல முடியும், கையில் காப்பு கட்டிக்கொண்டு பெண்டாட்டியை வெளியே அனுப்பினால் ஊர் சும்மா இருக்குமா என்று அவருக்காகவே பேசினாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்.

"காப்பு கட்டிட்டா நான் வரமாட்டேன்டி. அதுக்கு மேல நீ என்னை இழுத்துக்கினு போவாதே. மீறிட்டுப் போயி அந்த டேபிள் மேல படுத்தா எனக்கு நெஞ்சு நின்னுடும்."

நான் பெரிய பகுத்தறிவு பேசுகிறவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் அப்படிச் சொன்னதும் எனக்குமே பயம் பிடித்துக்கொண்டது. மீறிக் கூட்டிக்கொண்டு போய் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆத்தாவைவிட, ஆத்தா பேரைச் சொல்லி ஆயுசுக்கும் என்னைப் பார்த்துப் பேசப்போகிற வாய்களை நினைத்துப் பயந்தேன். ஆத்தாவை நினைத்தும் கொஞ்சம் பயந்தேன், மறைப்பானேன்.

வழி அக்காதான் கண்டுபிடித்தாள். ஒருநாள் கீரை ஆய்ந்துகொண்டே, பம்பை அடிக்கும்போது நான் எல்லைக்குள் இல்லாவிட்டால் எனக்குக் காப்பு கிடையாதில்லையா என்று கேட்டாள். நான் ஆமாம் என்றேன். அப்போது கூடாரம் போடப் போகலாம் என்றாள். சொல்லிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போலக் கீரையைத் தொடர்ந்து ஆய்ந்தாள். இவ்வளவு காலம் இவளை வெகுளி என்று நினைத்திருந்த என்னை என்ன சொல்வது?

காப்பு செவ்வாய்க்கிழமை பொழுது சாய. நாங்கள் திங்கட்கிழமை சாயங்கால பஸ்ஸில் போய், ராத்திரி தங்கி, செவ்வாய் மத்தியானத்துக்குள் திரும்புவதாக ஊரில் சொல்வது. செவ்வாய்க்கிழமை உடம்பு சரியில்லை, பஸ் கிடைக்கவில்லை என்று ஏதாவது போனில் சொல்லி அங்கேயே தங்கிவிடுவது. பம்பை அடித்து முடிந்த பிறகு தோப்பிலிருந்து நேராக ஆஸ்பத்திரி. இதுதான் திட்டம். என் கணவரிடம் சொல்லவில்லை. அவர் குரல்தான் காரணம் என்று அவரிடம் பிற்பாடு சொன்னேன். இன்றுவரை அவருக்கு அதில் வருத்தம் உண்டு.

பாவாவிடம் மட்டும் சொல்லியாக வேண்டியிருந்தது. போனில் முழுவதும் கேட்டார். வழக்கமாக என்னைச் சீண்டாமல் ஒரு பேச்சுப் பேசமாட்டார். அன்றைக்குச் சீண்டவில்லை. தோப்பைக் குத்தகைக்கு எடுத்தவர்களின் காவலாட்கள் இருப்பார்கள், காட்டுப்பன்றி வரும், கிணற்றுப் பக்கம் மேடான இடத்தில் போடலாம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். கடைசியில்தான் பழைய ஆளானார். மூட்டை முடிச்சோடு மலை ஏறிவிடாதீர்கள், செம்மரம் வெட்ட வந்த கும்பல் என்று பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள், அப்புறம் எந்த ஸ்டேஷனில் வந்து மச்சினியைத் தேடுவது என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

திருத்தணியில் மலைப்படிக்குப் பக்கத்துக் கடைகளில் பக்தர்களுக்கென்று விற்கிற பிளாஸ்டிக் பாய் வாங்கினேன். டார்ச், கொசுவர்த்தி, பிளாஸ்க் வாங்கினேன். மூட்டை கட்டும்போதுதான் ஒன்று உறைத்தது. கூடாரத்துக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் எடுத்துப்போகிற சாமான் ஏறக்குறைய ஒன்றுதான். பாய், போர்வை, பிளாஸ்க், டம்ளர், பிஸ்கட், சோப்பு, மாற்றுத் துணி. யார் வந்து பையைத் திறந்து பார்த்தாலும் சந்தேகம் வராது. முன்பக்கம் பட்டன் வைத்த நைட்டிகளை மட்டும் அடியில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா ஒரு சுருக்குப்பையைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். ஆஸ்பத்திரியில் நகை போட விடமாட்டார்கள் என்று முன்கூட்டியே கழற்றிய தோடும் மூக்குத்தியும் அதில் இருந்தன. மூக்குத்தியில்லாத அந்த முகத்தைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது. ஒரு ஆம்பளை மோதிரமும் இருந்தது. கல்யாணத்துக்கு அவள் அப்பா வீட்டில் மூத்தாருக்குப் போட்டது. கல்யாணத்தன்று போட்டதோடு சரி. தறி ஓட்டுகிறவர்கள் கையில் மோதிரம் போடமாட்டார்கள். ஓடுகிற தறியில் மாட்டினால் விரலோடு போய்விடும். இதை எதற்கு எடுத்து வருகிறாய் என்று கேட்டேன். ஜாத்திரைக்கு ஜனம் வந்துபோகும், பீரோ பூட்டு சரியில்லை என்றாள். நான் பையை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் என் கணவர் தெருவிலிருந்து கத்திக்கொண்டே வந்தார். எங்கள் தெருக்கோடியில் ஒரு வயசான பெரியவர் படுத்த படுக்கையாக இருந்தார், எங்களுக்குப் பங்காளி முறை. அவருக்கு விடியற்காலையிலிருந்து மூச்சு வாங்குகிறதாம். காப்பு கட்டுவதற்கு முன் ஊரில் சாவு விழுந்தால் தீட்டு, ஜாத்திரையே நின்றுபோகும். காப்பு கட்டிய பிறகு விழுந்தால் மேளதாளம் இல்லாமல் பின்வழியாக எடுத்துவிடலாம், ஜாத்திரை நிற்காது. அதனால் ஊர்ப் பெரியவர்கள் கோயிலில் கூடிப் பேசி, காப்பை இன்றைக்கே கட்டிவிடுவது என்று முடிவு செய்துவிட்டார்கள். இன்றைக்குப் பொழுது சாய. அந்தப் பெரியவர் பிறகு எழுந்து உட்கார்ந்து, அடுத்த தீபாவளிக்கு அதிரசம் சாப்பிட்டார் என்பது வேறு கதை. கூடாரமெல்லாம் அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு என் கணவர் பந்தல் வேலைக்குப் போய்விட்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் உள்ளே போய் மாவிளக்குக்குப் பச்சரிசியை அளந்து தண்ணீரில் ஊறப்போட்டாள். அந்த அரிசி தண்ணீரில் விழுகிற சத்தத்தைக் கேட்டதும் நான் எழுந்து அவளிடம் ஓடினேன். இப்போதே கிளம்பலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன். எப்படிப் போவது, பஸ் நிற்கிற இடம் கோயிலுக்கு எதிரே, ஊரே அங்கே நிற்கிறது, முதல் மாவிளக்கு எடுக்க வேண்டியவள் பையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் நடுவில் பஸ் ஏறுவதா என்று கேட்டாள். ஆத்தா தடுக்கிறாள் போலிருக்கு, விட்டுவிடு என்றாள். விட்டுவிடு என்று எவ்வளவு சுலபமாகச் சொன்னாள். எனக்கு அவளை அறையலாம்போல இருந்தது.

மத்தியானம் மூத்தார் சாப்பிட வந்தார். தறி நிறுத்தியிருந்ததால் வீடு நிசப்தமாக இருந்தது. அந்த நிசப்தம் எங்களுக்குப் பழக்கமில்லாதது. அவர் சோற்றைப் பிசைகிற சத்தம்கூடக் கேட்டது. மூலையில் சாத்தியிருந்த கூடாரப் பையை அவர் பார்த்தார். லீவுக்கு வந்திருந்த என் மகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, அந்தத் துணி வூடு மழைக்குத் தாங்குமா?"

தாங்கும் பெரிப்பா என்றாள் அவள். மலைப்பக்கம் கறுத்துக்கினு இருக்குது என்று சொல்லிவிட்டுக் கை கழுவ எழுந்துவிட்டார். போகாத ஊருக்கு மழையைப் பற்றி என்ன கவலை என்று நான் மனசுக்குள் எரிந்து விழுந்தேன். அதற்கு மேல் யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

அவர் போனதும் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் முதலில் அழுதாள், அப்புறம் பெரியம்மாவைக் கட்டிப்பிடித்தாள், அப்புறம் கோபப்பட்டாள். பிறகு உருப்படியாக ஒன்று கேட்டாள். பஸ் ஸ்டாப்புக்கு ஏன் போகணும், ஏரிக்கரை மேல் நடந்தால் எல்லைக் கல்லைத் தாண்டி மெயின் ரோடு வந்துவிடாதா? வரும்தான். சுற்றுவழி, கழனிகளுக்கு நடுவில் போகிற வரப்புப் பாதை. கோயில் கண்ணுக்கே படாது. நாங்கள் இருவரும் அக்காவைப் பார்த்தோம். அவள் ஊறிய அரிசியை வடிகட்டித் துணியில் உலர்த்தினாள். என் கணவரின் சித்தி ஒருத்தி ஜாத்திரைக்கு வந்து பக்கத்து வீட்டில் இறங்கியிருந்தார். அவரிடம் போய், இந்த அரிசியை இடித்து மாவிளக்கு எடுத்துவிடுங்கள், எனக்கு வீட்டுக்கு விலக்கு என்று சொல்லிவிட்டு வந்தாள். அந்த வயசில் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்று எனக்குப் படபடத்தது. சித்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். சரி என்றாராம்.

வெயில் சாயத் தொடங்கும்போது பின்வாசல் வழியாகக் கிளம்பினோம். மகள் கூடாரத்தைத் தூக்கினாள், நான் பைகளை. அக்காவை ஒன்றும் தூக்க விடவில்லை. கோயில் பக்கமிருந்து மைக் செட்டில் பாட்டுச் சத்தம் வந்துகொண்டிருந்தது. பாட்டு நின்றால் அடுத்தது பம்பைதான். அந்தப் பாட்டு முடியக் கூடாது, அடுத்த பாட்டும் போடவேண்டும் என்று வேண்டிக்கொண்டே நடந்தேன். வேண்டியது அதே ஆத்தாவைத்தான். பின்னே வேறு யாரை வேண்டுவது?

ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் ஒரு பம்புசெட் இருக்கிறது. அதை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. காப்பு கட்டிக்கொள்கிறவர் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு கோயிலுக்குப் போகவேண்டும். அந்தத் தொட்டியில் மூத்தார் குளித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் அப்படியே நின்றுவிட்டோம். ஒதுங்க ஒரு மரம்கூட இல்லாத கரை. மஞ்சள் நிறத்தில் கூடாரப் பை என் மகள் தோளில் பளிச்சென்று தெரிந்தது. அவர் தலையைத் துவட்டி நிமிர்ந்தார். எங்கள் பக்கம் முகம் திரும்பியது. பார்த்தாரா, கண்ணில் தண்ணீரா, தெரியவில்லை. அவர் மறுபடி தொட்டிக்குள் இறங்கித் தலைமுழுகினார். பம்பிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. அக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் ஓடினோம். யாரும் கூப்பிடவில்லை.

கொஞ்ச தூரத்தில் மைக் செட் நின்றது.

எல்லைக் கல் இன்னும் கூப்பிடு தூரத்தில் இருந்தது. அக்காவுக்கு மூச்சு வாங்கியது. நின்று காதைக் கொடுத்துக் கேட்டாள். பம்பை அடித்துவிட்டால் அவள் அந்தக் கல்லைத் தாண்டமாட்டாள் என்று எனக்குத் தெரியும். கையைக் காலைப் பிடித்தாலும் தாண்டமாட்டாள். ஒரு சத்தமும் இல்லை. நடந்தோம். மறுபடி நின்றாள். அப்போதும் சத்தமில்லை. பொழுது மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. இந்நேரம் கட்டியிருக்க வேண்டும். ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று புரியாமல் எனக்குப் பயம்தான் கூடியது. கல்லுக்கு வந்ததும் அக்கா குனிந்து அதன் மேலிருந்த பழைய குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டாள். பிறகு வலது காலை எடுத்து அந்தப் பக்கம் வைத்தாள்.

மெயின் ரோட்டில் நெடுநேரம் எதுவும் வரவில்லை. ஒரு ஷேர் ஆட்டோ வந்து, அதில் நாங்கள் இடித்துப் பிடித்து உட்கார்ந்து, அது கிளம்புகிற நேரத்தில்தான் பின்னாலிருந்து பம்பைச் சத்தம் எழுந்தது. அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

தோப்புக்குப் போய்ச் சேரும்போது நன்றாக இருட்டியிருந்தது. மழை வரவில்லை. மலை எங்களுக்கு நேரே கறுப்பாக எழுந்து நின்றது. பாவா கிணற்று மேட்டைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார், என்னமோ கல்யாண வீட்டுக்காரர்போல. நாங்கள் போட்ட கூடாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றது. இதுக்குள்ள ஆடுகூட படுக்காதே என்றார். அக்கா அதையெல்லாம் கேட்கவில்லை. சின்ன அடுப்பைப் பற்றவைத்து வீடியோவில் பார்த்த மாதிரியே டீ போட்டாள். அவள் ஆற்றிக்கொண்டிருக்கும்போது என் கணவர் போன் செய்தார். ஸ்பீக்கர் போடாமலே எல்லோருக்கும் கேட்டது.

முதலில் ஒரு பாட்டம் திட்டினார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு, அவர் வாழ்க்கையில் முதல்முறையாக, மெதுவாகப் பேசினார்.

"அண்ணன் கோயிலுக்கு வரவே இல்ல. பம்பைக்காரங்க தோள்ல மாட்டிகினு நிக்கிறாங்க, பெரியவங்கல்லாம் கத்துறாங்க. ஆள் அனுப்பிக் கூப்ட்டா, தொட்டிய விட்டு ஏறமாட்டேங்கிறாரு. மோதிரம் தண்ணில விழுந்துடுச்சாம். முழுகி முழுகித் தேடிக்கினு இருந்தாரு. நல்லா இருட்டற நேரத்துக்குத்தான் ஏறி வந்தாரு."

யாரும் எதுவும் கேட்கவில்லையா என்று கேட்டேன். எல்லோரும் அவர் விரலைப் பார்த்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை என்றார்.

நான் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அக்காவிடம் நீட்டினேன். அவள் அதைத் திறக்கவில்லை. மேலிருந்தே விரலால் தடவி மோதிரம் இருக்கிற இடத்தைக் கண்டுபிடித்து அப்படியே பிடித்துக்கொண்டாள். டீ ஆறிப்போனது. நான் அந்த மனுஷனை இவ்வளவு காலம் என்னென்னவெல்லாம் திட்டியிருக்கிறேன் என்று நினைத்துக் கூசிப்போனேன்.

ஆபரேஷன் அன்று அவர் திருத்தணியிலிருந்து முதல் ரயில் பிடித்து வந்தார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. தியேட்டர் கதவுக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்தவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அவளுக்கு நினைவு திரும்புவதற்குள் அவர் போகவேண்டியிருந்தது, ராத்திரி ஊரில் படுக்க வேண்டுமே. நல்லபடியாக முடிந்தது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டுவிட்டு, ஓட்டமும் நடையுமாக ஸ்டேஷனுக்குப் போனார்.

மறுநாள் மறுபடி வந்தார். அக்கா கண் விழித்துப் படுத்திருந்தாள், பேச்சு ஈனசுரத்தில்தான் வந்தது. தலையணைக்குக் கீழிருந்து சுருக்குப்பையை எடுக்கச் சொன்னாள். மோதிரத்தை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"தண்ணில விழுந்தது கெடச்சிடுச்சி" என்றாள்.

அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, சுவரைப் பார்க்காமல், என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"நீ சாப்ட்டியாம்மா?"